பாப்பா, முதல் பந்தியில உக்காரு

பாப்பாவுக்கு,

நல்லாருக்கியான்னு கேக்கப் போறதில்லை. கேட்டா "நல்லாருக்கேன்மா"ம்பே. சாப்ட்டியான்னு கேட்டா "சாப்ட்டேன்"ம்பே. என்ன சாப்ட்டேன்னு கேட்டா "சாப்பாடு"ம்பே. போன்ல இதுக்கு மேல உன் வாயிலேருந்து ஒண்ணும் வாங்க முடியலை. அதான் எழுதுறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்னு தெரியும். கூட்டியே படி. எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும், அந்த நேரமாவது நீ என்கூட உக்காந்திருந்த மாதிரி எனக்கு இருக்கும். இதையே நம்ம தமிழ்ச் சங்கத்து மலருக்கும் குடுக்கப் போறேன். பதறாதே, உன் பேரும் போடலை, என் பேரும் போடலை. ஆகுர்டியில ஒரு அம்மா, ஔந்த்ல கட்டிக் குடுத்த ஒரு பொண்ணு, அவ்வளவுதான். புனேயில அப்படி எத்தனையோ பேர் இருக்கோம்.

இங்க கணபதி பண்டிகை வருதுன்னு மைதானத்துல டோல் மேளம் அடிச்சுப் பழக ஆரம்பிச்சுட்டாங்க. சாயங்காலம் ஆனா ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிருது. நீ இருந்தா பால்கனியில நின்னுக்கிட்டு கம்பியில தாளம் போடுவே, உங்கப்பா "டிவி சத்தம் கேக்கலை"ன்னு கத்துவாரு. இப்ப அவரும் கத்துறதில்லை. காலையில என் கை இருக்கே, அதுக்குப் புத்தியே கிடையாது. பழக்கத்துல உனக்கும் சேத்து முட்டையை எடுத்து வேக வச்சுடுது. உங்கப்பா ரெண்டுக்கு மேல தொடமாட்டாரு. மிச்சத்தைக் கீழே வாட்ச்மேன் வளக்கிற நாய்க்குப் போடுறேன். அது இப்ப உன்னை மாதிரியே தோள் வச்சுட்டு நடக்குது, பாத்தா சிரிப்பா வருது, கொஞ்ச நேரத்துல அழுகையும் வருது. ஆகுர்டிக்கும் ஔந்துக்கும் நடுவுல கடலா இருக்கு? ஒரு பஸ் ஏறினா வந்து சேந்துடலாம். ஆனா பொண்ணைக் கட்டிக் குடுத்த வீட்டு வாசல்ல நினைச்ச நேரத்துக்குப் போய் நிக்க முடியுதா சொல்லு. ஒரு காரணம் வேணும், கையில ஒரு பை வேணும், முன்னாடியே போன் பண்ணணும். ஏங்கிக்கிட்டு இருக்கேன் பாப்பா. சுத்தி வளைச்சுச் சொல்ல எனக்குத் தெரியலை.

நீ காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிறப்ப ஒரு நாள் வந்து "அம்மா, நான் வெயிட் தூக்கப் போறேன்"னு நின்னே. உன்னைப் பாத்தா ஃபேன் காத்துக்கே பறந்துடுவே போல இருந்தே. உங்கப்பா அப்ப வண்டிக் கம்பெனியில வேலையில இருந்தாரு. "நாள் பூரா இரும்பைத் தூக்கித்தான் சோறு திங்கேன், அதைக் காசு குடுத்துத் தூக்கப் போறாளாக்கும்"னு சிரிச்சாரு. சிரிச்சாரே ஒழிய மறுநாளே சேத்து விட்டுட்டாரு. அதோட விட்டாரா? அவரோட லைன்ல வேலை பாத்த ஒரு கோலாப்பூர்க்காரர் வீட்டுல எல்லாரும் பயில்வானாம். பயில்வான் என்ன சாப்பிடுவான்னு அவர்கிட்டக் கேட்டுக்கிட்டு வந்து, பாதாம், பால், நெய்னு வாங்கி அடுக்கினாரு. நானும் விட்டேனா? காலையில நெய் ஒழுக ஒழுக சீரா, நம்ம ரவா கேசரிதான், சாயங்காலம் பாதாம் அரைச்சு விட்ட பால், ராத்திரி நெய் தடவின போளி. பிள்ளை இரும்பு தூக்குதே, பிள்ளைக்குத் தெம்பு வேணுமேன்னு உன் வாயில திணிச்சோம். நீயும் பாவம், எல்லாத்தையும் முழுங்கினே. மூணு மாசத்துல உன் சுடிதார் ஒண்ணும் உனக்குச் சேரலை. கை மட்டும் அப்படியே குச்சியா இருக்கு, இடுப்பு சுத்தி வந்துடுச்சு. உன் கோச் என்னைக் கூப்பிட்டு அனுப்புச்சே, ஞாபகம் இருக்கா? அந்தப் பொண்ணு ஹிந்தியில சொன்னதை இன்னிக்கும் நான் மறக்கலை. "ஆண்ட்டி, வீடு கட்டணும்னு சொன்னா வாசல்ல மணலைக் கொட்டி மலை ஆக்கி வச்சிருக்கீங்க. செங்கல் எங்க ஆண்ட்டி?"

செங்கல்னா என்னன்னு அதுக்கப்புறம்தான் கத்துக்கிட்டோம். முட்டை, பருப்பு, தயிர், மீன், கோழி, சோயா. சதை வளக்கிறது அதுதான். அதுவும் ஒரே வேளையில அள்ளித் தின்னுட்டு மத்த வேளையெல்லாம் வெறும் சோறு தின்னா ஆகாது, ஒவ்வொரு வேளைத் தட்டுலயும் அது இருக்கணும். சோறு பகையில்லை, ஆனா சோறு தட்டை முழுசாப் பிடிச்சுக்கிடக் கூடாது. நெய்யும் பகையில்லை, ஒரு ஸ்பூனோட நிறுத்திக்கணும். வழக்கமா உடம்புக்கு வேண்டியதை விடக் கொஞ்சூண்டுதான் கூடுதலாத் தரணும். அள்ளிக் கொட்டினா சதைக்கு முன்னாடி கொழுப்பு வந்து உக்காந்துக்கும். பயந்துக்கிட்டு ஒரேயடியாக் குறைச்சா, கொழுப்போட சேந்து சதையும் கரைஞ்சுடும். நடுவுல ஒரு சின்ன இடம் இருக்கு, அதைக் கண்டுபிடிக்கத்தான் நமக்கு அவ்வளவு நாள் ஆச்சு. ஸ்ரீகண்ட் பண்றதுக்கு டெய்ரியில சக்கா விப்பானே, தண்ணியெல்லாம் வடிஞ்ச கெட்டித் தயிர், அதைச் சர்க்கரை போடாம வாங்கிட்டு வந்து கடுகு, பச்சை மிளகாய் தாளிச்சுக் கொட்டித் தருவேன். டெய்ரிக்காரன் ஒரு நாள் என்ன பண்ணுவீங்கன்னு கேட்டான். சொன்னேன். அவன் முகம் போன போக்கைப் பாக்கணுமே, அவன் சாமிக்கு நான் மிளகாய் அரைச்சுப் பூசிட்ட மாதிரி. முளை கட்டின மட்கிப் பயறுல தேங்காய் போட்டு சுண்டல். பிம்ப்ரி மார்க்கெட்ல பாங்டா, நம்ம ஊரு அயிலை, எண்ணெய் இல்லாம வாழையிலையில சுத்தித் தோசைக்கல்லுல சுட்டு. அளவா சோறு. நீ ஜிம்முலேருந்து வந்து தலை கூடத் துவட்டாம உக்காந்து அதைச் சாப்பிடுவியே, அப்ப நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். "நீயும் உக்காரும்மா"ம்பே. "நான் அப்புறம் சாப்பிடுதேன், நீ சாப்பிடு"ம்பேன். தினமும் அதே பேச்சுதான்.

முதல் போட்டியில நீ மேடையேறினப்ப நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். சுத்தி எல்லாரும் மராத்தியில கூவுறாங்க. அந்தக் கூட்டத்துக்கு நடுவுல உங்கப்பா நாற்காலி மேல ஏறி நின்னு "தூக்குட்டி! தூக்கு! விடாத!"ன்னு திருநெல்வேலியையே கூப்பிட்டாரு. கண்ணைத் திறந்து பாத்தா நீ நிமிந்து நிக்கே. முதுகு நேரா, முகமெல்லாம் சிவந்து, கையில அந்தக் கம்பி. எடை உங்கப்பாவை விட அதிகம், கூட என்னையும் ஏத்தி வைக்கலாம். அதைத் தூக்கிட்டு நின்ன உன் பேரு வீட்டுல பாப்பா! நான் பெத்ததுதானா இதுன்னு இருந்துச்சு. அன்னிக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியலை. கூடவே ஒரு பொறாமையும் வந்துச்சு பாப்பா, அதையும் சொல்லிடுறேன். உன் வயசுல என் கையால இப்படி ஒண்ணைத் தூக்கிப் பாக்கலையேன்னு வந்த பொறாமை.

அப்புறம் வைகாசியில கல்யாணம். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. நிச்சயம் ஆனதும் ஜிம்முக்கே வந்து நீ தூக்குறதைப் பாத்துட்டு, "ஆண்ட்டி, இவங்ககிட்ட நான் சண்டை போடவே மாட்டேன்"னு சொன்னவரு. சம்பந்தி வீடும் நல்ல வீடு. முட்டை கூட உள்ளே வராத வீடு, அதுக்கு என்ன? பருப்பு இருக்கு, தயிர் இருக்கு, பனீர் இருக்கு, சோயா வாங்கிக்கலாம். உன் கோச்சே "சமாளிச்சுக்கலாம் ஆண்ட்டி"ன்னுச்சு. நானும் நிம்மதியா இருந்தேன். தட்டுல என்ன இருக்குங்கிறதைப் பத்தித்தான் நாம அத்தனை நாள் படிச்சோம். நீ எப்ப உக்காருவேங்கிறதைப் பத்தி யாரும் யோசிக்கலை.

ஆடிக்கு உன்னைக் கூட்டிட்டு வந்தோம். வாசல்லயே நம்ம பில்டிங்காரங்க, தமிழ்ச் சங்கத்து மாமிங்க எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. "கல்யாணம் ஆனதும் பூசினாப்ல ஆயிட்டியே, முகத்துல களை வந்துடுச்சே"ன்னு. நீயும் சிரிச்சே. நான் உனக்குத் தலையில எண்ணெய் வைக்க உக்காந்தேன். தோள்ல கை வச்சேன். என் கைக்குத் தெரியாதா? கல்லு மாதிரி இருந்த தோள். விரல் அமுங்குது. கையெல்லாம் மெலிஞ்சு, வயிறும் கன்னமும் மட்டும் உப்பியிருக்கு. மறுநாள் ஜிம்முக்குப் போயிட்டு வந்து பையைத் தூக்கி மூலையில வீசினே. முன்னாடி விளையாட்டாத் தூக்குன எடை, அது தரையை விட்டு எழும்பலைன்னு சொன்னே.

அது கூடப் பரவாயில்லை. அன்னிக்கு மத்தியானம் நடந்ததுதான் என்னை உலுக்கிடுச்சு. உங்கப்பா சாப்பிட உக்காந்தாரு. நீ வந்து கரண்டியை எடுத்தே. அவருக்கு சோறு போட்டு, குழம்பு ஊத்தி, பக்கத்துலயே நின்னே. "உக்காருட்டி, உனக்குப் பசிக்கலையா"ன்னாரு. "நீங்க சாப்பிடுங்கப்பா, நான் அப்புறம்"னே. அடுப்படியில நின்னுக்கிட்டு இருந்த எனக்கு சுருக்குன்னுச்சு. அந்த வார்த்தை, அந்த நிக்கிற நிலை, கரண்டியைப் பிடிச்ச விதம் எல்லாமே நான்தான்! ஜிம்முலேருந்து வந்து தலை துவட்டாமத் தட்டை இழுத்துப் போட்டுக்கிட்ட பொண்ணு எங்க போச்சு?

அன்னிக்கே உன்கிட்டக் கேட்டேன், "ஏட்டி, அந்த வீட்டுல உன்னைக் கடைசியா சாப்பிடச் சொல்லுதாங்களா"ன்னு. சண்டைக்குத் தயாராத்தான் கேட்டேன். புடவையைக் கூட இழுத்துச் சொருகிட்டேன். நீ என்ன சொன்னே? "அரே, யாரும் ஒண்ணும் சொல்லலைமா. அத்தையே உக்காருன்னுதான் சொல்றாங்க. எனக்குத்தான் உக்கார வரலை. எல்லாரும் சாப்பிட்டு முடிச்சாத்தான் சாப்பிடணும்னு இருக்கு. நீ அப்படித்தானே பண்ணுவே?" அதைச் சாதாரணமாத்தான் சொன்னே, மொபைலைப் பாத்துக்கிட்டே. எனக்குச் சொருகின முந்தானையை எடுத்து விட்டுக்கிட்டு உள்ளே போக வேண்டியதாப் போச்சு.

கடைசியில உக்கார்றவ தட்டுல என்ன இருக்கும்னு என்னை விட யாருக்குத் தெரியும்? அடியில கிடந்த பருப்பெல்லாம் கரண்டி போட்டு அள்ளியாச்சு, மேலாப்புல சாம்பார் தண்ணி மட்டும் நிக்கும். கூட்டு வழிச்சாச்சு. தயிர்ச் சட்டியில மோர் பதத்துல கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கும். சோறு மட்டும் நிறைய இருக்கும், ஏன்னா சோறு பத்தலைன்னா வீட்டுக்கு அவமானம்னு கூடவே வடிப்போம். அந்தச் சோத்துல ரசத்தை ஊத்திப் பசிக்கு அடைச்சுக்க வேண்டியது. வீணாப் போகக்கூடாதேன்னு மிச்சம் இருக்கிற பாயசத்தையும் அப்பளத்தையும் முடிச்சு வைக்க வேண்டியது. செங்கல்லு எல்லாம் முதல் பந்தியில போயிடும், மணல்தான் நமக்கு மிஞ்சும். போன வருஷம் எனக்கு முட்டி வலின்னு காட்டப் போனோமே, அந்த டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "எடை சரியாத்தான் இருக்கு, ஆனா உடம்புல சதை இல்லை, எல்லாம் கொழுப்பு. சாப்பாட்டுல என்ன சேத்துக்கிறீங்க"ன்னு கேட்டாங்க. வீட்டுல எல்லாம் சமைக்கிறேனேன்னு சொன்னேன். "சமைக்கிறதைக் கேக்கலை, சாப்பிடுறதைக் கேக்குறேன்"னாங்க. இன்னிக்கும் தரையில உக்காந்தா எதையாவது பிடிக்காம எந்திரிக்க முடியலை. உனக்கு அது வரக்கூடாதுன்னுதான் அடிச்சுக்கிறேன்.

அதுக்கப்புறம் அந்த ஆடி மாசம் இருந்துச்சே, என் ஆயுசுல அப்படி ஒரு மாசம் இருந்ததில்லை. "நீ உக்காந்தாத்தான் நான் சாப்பிடுவேன்"னு நீ அடம் பிடிச்சே. சரி, உனக்காகன்னு உக்காந்தேன். ரெண்டு தட்டு, எதிரெதிரா. உனக்கு வச்ச மாதிரியே எனக்கும் சக்கா, எனக்கும் மட்கி, எனக்கும் அயிலையில நடுத்துண்டம். கல்யாணம் ஆனதுலேருந்து மீன்ல நடுத்துண்டம் என் தட்டுல விழுந்ததில்லைன்னு அன்னிக்குத்தான் எனக்கே உறைச்சுது. மெதுவா எடுத்து வாயில வச்சேன். "என்னம்மா, அழறியா"ன்னே. "முள்ளு"ன்னேன். உங்கப்பா பாவம், தானே போட்டுக்கப் பழகினாரு. எது உப்புச் சட்டி, எது சர்க்கரைச் சட்டின்னு தெரியாம மோர்ல சர்க்கரையைக் கலக்கிக் குடிச்சுட்டு, நல்லாத்தான் இருக்குன்னு வீம்புக்குச் சொன்னாரு. நாம சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுக்காரங்க வந்து எட்டிப் பாத்தாங்க. மாசக் கடைசியில உன் தோளு பழையபடி திரும்பிக்கிட்டு வந்துச்சு, இடுப்பு அடங்குச்சு. தீபாவளி கழிச்சு வர்ற போட்டிக்குப் பேரு குடுக்கலாம்னு கோச்சும் சொல்லிடுச்சு. "குடுத்துடட்டுமாம்மா"ன்னு நீ கேட்டப்ப உன் கண்ணு இருந்த இருப்பு! எனக்கு அந்தக் கண்ணுதான் வேணும் பாப்பா. வேற ஒண்ணும் வேண்டாம்.

இனிமே எழுதப் போறதை எழுதத்தான் எனக்கு இத்தனை நாள் ஆச்சு. ஆடி முடிஞ்சு உன்னைக் கூட்டிட்டுப் போக மாப்பிள்ளையும் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வந்தாங்க. நான் காலையிலேருந்து ஒத்தைக் கால்ல நின்னு சமைச்சேன். நீ ஜிம்முக்குப் போயிட்டு ஓடி வந்தே. உள்ளே வந்ததும் வராததுமா என் காதுல வந்து, "அம்மா, தூக்கிட்டேன், பழைய வெயிட்டைத் தூக்கிட்டேன். பசி உயிர் போகுது"ன்னே. குளிச்சுட்டு வந்தே. மேஜையில அவங்க மூணு பேரும் உங்கப்பாவும் உக்காந்திருந்தாங்க. நீ நேரா உள்ளே போய் பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிட்டு வந்து மாப்பிள்ளை பக்கத்துல போட்டுக்கிட்டு, உன் தட்டை வச்சுக்கிட்டு உக்காந்தே. எவ்வளவு அழகா உக்காந்தே! ஒரு மாசம் கஷ்டப்பட்டு நான் உன்னை எதுக்குத் தயார் பண்ணினேனோ, அதை நீ செஞ்சுட்டே. அந்த நேரம் பாத்து என் வாயி, பாழாப் போற வாயி, "ஏட்டி, எந்திரி. முதல்ல அவங்க சாப்பிடட்டும், நாம ரெண்டு பேரும் அப்புறம் சாப்பிட்டுக்கலாம்"னு சொல்லிடுச்சு.

சம்பந்தியம்மா உடனே, "இருக்கட்டும், பசியோட வந்திருக்கா, உக்காரட்டும்"னாங்க. மாப்பிள்ளை தட்டை நகத்தி இடம் பண்ணினாரு. அவங்களுக்கு ஒண்ணுமில்லை பாப்பா! நான்தான், "அதெல்லாம் வேண்டாம், அவளுக்குக் கடைசியா சாப்பிட்டுப் பழக்கம்தான், எந்திரிச்சு வந்து பரிமாறு"ன்னு இளிச்சுக்கிட்டே ரெண்டாம் தடவையும் சொன்னேன். நீ என்னை ஒரு பார்வை பாத்தே. கோவமா பாத்திருந்தாலாவது தாங்கியிருப்பேன். ஸ்டூலை எடுத்த இடத்துல கொண்டு போய் வச்சே. கரண்டியை எடுத்தே. எல்லாருக்கும் கேட்டுக் கேட்டுப் போட்டே, மட்கிச் சுண்டலை மாப்பிள்ளைக்கு ரெண்டு தடவை போட்டே. நாம உக்காந்தப்ப சோறும் ரசமும் ரெண்டு வடையும் இருந்துச்சு. உனக்குன்னு தாளிச்சு வச்ச சக்கா, அது வித்தியாசமா இருக்கே, நல்லாருக்கேன்னு சொல்லி முதல் பந்தியிலயே காலியாயிடுச்சு. நீ ரசம் சோத்தைப் பிசைஞ்சு சாப்பிட்டே. "நல்லாருக்கும்மா"ன்னே. அப்புறம் கிளம்பிட்டே.

ஏன் அப்படிச் சொன்னேன்னு தினமும் என்னையே கேட்டுக்கிறேன். பயம் பாப்பா. மாமனார் மாமியாரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு மருமக தட்டைப் போட்டு உக்காந்தா, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலைன்னாலும், மனசுல "இதான் அம்மாக்காரி வளத்த லட்சணம்"னு நினைச்சுடுவாங்களோன்னு பயம். அந்த ஒரு பேச்சு என் மேல வந்துடக்கூடாதுன்னுதான் நான் என் வாழ்நாள் பூரா நின்னுக்கிட்டே இருந்தேன். கால் கடுக்க நின்னு வாங்குன அந்த நல்ல பேரைக் காப்பாத்திக்க, பசியோட வந்த பிள்ளையைத் தட்டுக்கு முன்னாலேருந்து எழுப்பி விட்டுட்டேன். நீ போன வாரம் போன்ல, போட்டிக்குப் பேரு குடுக்கலையான்னு நான் கேட்டதுக்கு, "ராஹூ தே மா, இந்த வருஷம் வேண்டாம்"னே. விட்டுடும்மாங்கிறதுக்கு உனக்கு மராத்திதான் வாயில வருது. எனக்கு அந்த ராஹூ தேதான் ராத்திரியும் பகலும் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. நான் எழுப்பி விட்டப்ப நீ கொண்டு போய் வச்சது ஸ்டூலை மட்டுமில்லை, போட்டி ஆசையையும்தான்னு எனக்குப் புரிஞ்சுது.

அதனால சொல்லுதேன், கேட்டுக்க. போட்டிக்கு இன்னும் நாள் இருக்கு. கோச்சுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன், பேரு குடுக்கலாமாம். நீ கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை. இன்னிக்கு மத்தியானத்துலேருந்து உன் தட்டை எல்லார் தட்டோடயும் சேத்து வை. பருப்பை அடியிலேருந்து கலக்கி எடுத்து ஊத்திக்க. உனக்கு வேண்டிய தயிரை முதல்லயே ஒரு கிண்ணத்துல எடுத்துக்க. சோயா ஊற வைக்கிறதுக்கோ பனீர் வாங்குறதுக்கோ யார்கிட்டயும் தயங்காதே, மாப்பிள்ளைகிட்ட இன்னது வேணும்னு வாயைத் திறந்து சொல்லு, வாங்கிட்டு வருவாரு. சோறு பிடிச்ச அளவு வச்சுக்க, ஆனா மிச்சம் இருக்குன்னு யார் பாயசத்தையும் நீ முடிச்சு வைக்காதே, உன் வயிறு ஃப்ரிட்ஜ் இல்லை. பட்டினியும் கிடக்காதே, உடம்பு பெருத்துடுச்சுன்னு பயந்து நீ பட்டினி கிடக்கிறது தெரிஞ்சா அங்க வந்து காதைத் திருகுவேன். முடிஞ்சா உங்க மாமியாரையும் கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வை. அன்னிக்கு உனக்காகப் பேசினாங்களே, அவங்க வீட்டுல அவங்க தட்டுலயும் கடைசியில ரசம்தான் இருக்கும்.

நவராத்திரிக்கோ தீபாவளிக்கோ அவங்க சொந்தத்துல எவளாவது ஒரு அத்தையோ பெரியம்மாவோ கண்டிப்பா வருவா. நீ முதல் பந்தியில உக்காந்து சாப்பிடுறதைப் பாத்துட்டு வாயில விரலை வைப்பா. "ஏம்மா, இதான் உங்கம்மா உனக்குச் சொல்லிக் குடுத்தாளா"ன்னு நாலு பேர் முன்னாடி கேப்பா. நீ எந்திரிக்காதே. வாயில இருக்கிறதை நல்லா மென்னு முழுங்கு. அப்புறம் நிமிந்து, "ஆமா, எங்கம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க"ன்னு சொல்லு. அது பொய்தான் பாப்பா. நீ அதை ஒரு தடவை சொல்லிடணும்னு எனக்கு அவ்வளவு ஆசையா இருக்கு.

அம்மா